கல்மேல் நின்ற தூண்

1. அலமாரியில் கோப்பைகள் கிலுகிலுத்தன.
2. தகனினி ஊரிலுள்ள என் வீட்டின் மரச்சட்டங்கள் முனகின.
3. நான் சாப்பாட்டு மேசைக்கடியில் புகுந்துகொண்டேன்.

அதே முனகலைச் சுமத்ராவின் மலைக்கிராமம் ஒன்றில் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஏழு வயது. மலேசியாவிலிருந்து சுற்றிப் பார்க்கப் போயிருந்தோம். எருமைக்கொம்பு போலக் கூரை வளைந்த பழைய மினாங்கபாவ் இனத்தவர் வீட்டின் அடியில், தூண்களுக்கிடையே விளையாடிக்கொண்டிருந்தேன். நிலம் அதிர்ந்தது. வெறும் கல்மேல் நின்ற தூண் என் கண்ணெதிரே நகர்ந்தது.

“வெளிய ஓடியாம்மா, வீடு சாயுது!” என்று முற்றத்திலிருந்து அப்பா கத்தினார்.

“வராத, கூரைத் தகரம் விழுது, அங்கயே இரு!” என்றாள் மேலே வீட்டுக்குள் இருந்த அம்மா.

யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் தூணையே கட்டிக்கொண்டேன். வீடு விழவில்லை.

தூண்கள் நகர்ந்ததால்தான் அது நின்றது என்று, கட்டட எஞ்சினியரான எனக்கு இன்று தெரியும். இங்கும் அதிர்வு அடங்கிவிட்டது. எழுந்து வெளியே போகத்தான் இன்னும் முடியவில்லை.