மோட்டார் ரூமில் ஈரம்

நீச்சல் குளம் நடத்துகிறவர்களுக்குக் குளத்துத் தண்ணீரைக் கண்டு பயம் கிடையாது. மோட்டார் ரூமில் தண்ணீரைக் கண்டால்தான் பயம். காலையில் கண் விழித்ததும் வீட்டு மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுக்கிறவர்கள் நீங்கள் என்றால், நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும்.

விழுப்புரத்தில் ஒரு சின்னக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். நீச்சல் கற்றுக்கொடுப்பதும் நானே. கூட இருப்பவள் செல்வி. டிக்கெட் கிழிப்பது, இடத்தைப் பெருக்குவது, தேவைப்பட்டால் என்னைத் திட்டுவது எல்லாம் அவள் வேலை. இது போன கோடை விடுமுறையில் நடந்தது.

யார் கழுவினது?

ஒரு நாள் காலை மோட்டார் ரூமைத் திறந்தால், பம்புக்கு அடியில் தரை ஈரம். குளத்துத் தண்ணீரை இழுத்து, வடிகட்டி, திரும்பக் குளத்துக்கே அனுப்புகிற பம்பு அது. அது நின்றுபோனால் அந்த வெயிலுக்குத் தண்ணீர் பச்சை பிடித்துவிடும். செல்வி கழுவிவிட்டிருப்பாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு, துணி போட்டுத் துடைத்தேன்.

பிள்ளைகள் வகுப்பு முடிந்து வந்து பார்த்தேன். துடைத்த இடத்தில் மறுபடி ஈரம். மோட்டாரும் பம்பும் சேருகிற இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்த பிறகும் மனசு ஒப்பவில்லை. செல்வியைக் கூப்பிட்டு, "நீ இந்த ரூமைக் கழுவினியா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குக்கா கழுவப்போறேன்? உள்ள கால் வச்சாலே எனக்கு ஒதறலு, இதுல பக்கெட்டு வேற தூக்கிக்கினு போவேனா?"

எல்லாரும் மேலே வாங்க

தண்ணீர் சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மோட்டாருக்குப் போகும் ஒயர். மறுநாள் காலை குளம் நிறைய ஆட்கள் இருந்தபோது அந்த ஒயர் ஞாபகம் வந்தது. கரண்ட் தண்ணீருக்குள் இறங்கினால்? அந்த நினைப்பு வந்த பிறகு என்னால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். விசிலை ஊதி, "எல்லாரும் மேலே வாங்க, ஜல்தி!" என்று கத்தினேன். பிள்ளைகளும் பெரியவர்களும் துண்டைச் சுற்றிக்கொண்டு வெயிலில் நின்று என்னை முறைத்தார்கள்.

ஏழுமலை அண்ணன் மட்டும் இன்னும் தண்ணீரில் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டதால், டாக்டர் அவரைத் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருந்தார். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆழமில்லாத பக்கத்தில் தினமும் நடப்பார். அவரால் அவசரப்பட முடியாது. நான் அவசரப்படுத்தினேன். கை கொடுத்து மேலே ஏற்றியபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"சர்வீஸ் பூரா நான் எத்தினியோ பேர இறக்கி விட்டிருக்கேம்மா, ஒருத்தரையும் இந்த மாதிரி ஓடுற வண்டியில இருந்து இறக்கினது இல்ல."

நாலு போல்ட்டு

எலக்ட்ரீஷியன் வந்து சோதித்துப் பார்த்தார். கரண்ட் கசியவில்லை, எர்த்தும் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒழுகலை நிறுத்தாமல் மோட்டாரைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பம்பு மெக்கானிக் புதுச்சேரியில் இருந்தார். அவருக்குப் போன் போட்டால், "நாளைக்கு வர்றேன் மேடம்." மறுநாள் போட்டாலும் அதேதான். அங்கே ஏதோ ரிசார்ட்டில் பெரிய வேலையாம். இதற்குள் தண்ணீரின் நீலம் மங்கத் தொடங்கியது. குளோரினைக் கொட்டிக் கையால் கலக்கிப் பார்த்தேன். குளம் என்ன மோரா?

மூன்றாவது தடவை அழுகிற குரலில் கேட்டபோது, அவரே வழி சொன்னார். உள்ளே தண்ணீர் கசியாமல் அடைக்கிற சீல் தேய்ந்திருக்கும், நாலு போல்ட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும், வீடியோ இருக்கிறது பாருங்கள் என்றார். எனக்கு மிக்ஸி மூடியையே சரியாகப் பொருத்த வராது. "பிரிச்சிட்டு மாட்ட முடியலன்னா என்னா பண்றது?" என்று கேட்டேன்.

"பிரிச்சு வையுங்க மேடம், அப்பவும் நாளைக்குத்தான் வருவேன்."

கட்டையோடு காவல்

மெயினை அணைத்தேன். குளத்திலிருந்து வருகிற குழாய், குளத்துக்குப் போகிற குழாய் இரண்டின் வால்வையும் மூடினேன். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டேன். அணைத்த மெயினைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். எலக்ட்ரீஷியனையே மறுபடி கூப்பிட்டு ஒயரைப் பிரித்துத் தரச் சொன்னேன். பிரித்த ஒயரைக் கண்டும் பயம் போகவில்லை.

செல்வி இலை அள்ளும் வலைக் கம்போடு வந்து வாசலில் நின்றாள். அது அலுமினியக் கம்பு. "ஐயோ, அதைக் கீழ போடு" என்று அலறினேன். போட்டுவிட்டு, வெளியே போய் ஒரு மரக்கட்டையோடு திரும்பினாள்.

"கரண்ட் அடிச்சா கையால தொடக் கூடாதாம்க்கா, கட்டையால அடிச்சுத்தான் பிரிக்கணுமாம். அப்புறம் செல்வி என்னை அடிச்சிட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரியக் கூடாது."

திண்டிவனத்துக் கடை

போல்ட் நாலும் கழன்றன. உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற விசிறியைத்தான் அசைக்க முடியவில்லை. பின்பக்கம் செல்வி ஸ்பேனரால் மோட்டாரின் சுழல்தண்டைப் பிடித்துக்கொள்ள, நான் முன்பக்கம் திருகினேன். டக்கென்று ஒரு சத்தம். உடைத்துவிட்டேன் என்று நினைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உடையவில்லை, கழன்றிருந்தது. அதற்குப் பின்னால் இருந்தது சீல். ஒரு வளையத்தின் விளிம்பில் கீறல். இத்தனை பேஜாருக்கும் அந்தக் கீறல்தான் காரணம்.

விழுப்புரத்துக் கடைகளில் அந்த அளவு இல்லை. பழைய சீலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே பம்பு சாமான் விற்கிற பெரியவர் அளவு பார்த்து அதே மாதிரி எடுத்துக் கொடுத்தார். சீலின் பளபளப்பான முகத்தில் விரல் படக் கூடாது, பட்டால் மறுபடி ஒழுகும் என்றும் சொன்னார். வேர்க்கடலைக்குத் தண்ணீர் விடுகிற கிணற்றுக்கா, வீட்டு போருக்கா என்று கேட்டார். நீச்சல் குளத்துக்கு என்று சொல்லி, பம்பு செய்கிற வேலையை விளக்கினேன்.

"இங்க மல்லாட்டைக்கு உடத் தண்ணி இல்லாம அவனவன் அல்லாடுறான், நீங்க இருக்கற தண்ணியவே சுத்தி சுத்தி உட்டுக்கினு இருக்கீங்களா?"

காய்ந்த பேப்பர்

வருகிற வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். யாராவது இடித்தால் சீலைப் பிடித்த கையைத்தான் முதலில் தூக்கினேன். சாயங்காலம் துணியால் பிடித்து அதைப் பொருத்தி, பம்பை மூடி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வால்வுகளைத் திறந்தேன். எலக்ட்ரீஷியன் ஒயரை மாட்டினார். கீழே செய்தித்தாளை விரித்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். பேப்பரில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

அணைத்தேன். நானே விரலை வைத்துவிட்டேனோ, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரோ, குத்தகையையே விட்டுவிடலாமா என்றெல்லாம் மனசில் ஓடியது. எலக்ட்ரீஷியன் மறுபடி ஒயரைப் பிரிக்க, எல்லாவற்றையும் கழற்றினோம். சீலில் குறை இல்லை. மூடியைச் சுற்றிப் போடுகிற ரப்பர் வளையம் ஒரு இடத்தில் முறுக்கிக்கொண்டு, இடையில் மணல் சிக்கியிருந்தது. துடைத்து, நேராக வைத்து, மறுபடி பூட்டி, ஒயர் மாட்டியதும் புதுப் பேப்பர் விரித்து மோட்டாரைப் போட்டோம். செல்வி குனிந்து பேப்பரைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சுதான்க்கா இருக்குது. நீ மேல நின்னு அழுதுக்கினு இருக்கியே, அது சொட்டாம இருந்தா சரி."

கூச்சல்

தண்ணீர் தெளிந்ததும் குளத்தைத் திறந்தேன். வாசலில் முதல் ஆளாக நின்றவர் ஏழுமலை அண்ணன். நடக்காத நாட்களில் கால் மறுபடி மரத்துப்போயிருந்தது என்று வந்ததும் சொன்னார். அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, செல்வியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நான் மோட்டார் ரூமுக்கு ஓடினேன். பேப்பர் காய்ந்திருந்தது. வெளியே வந்தேன். மனசு கேட்கவில்லை, மறுபடி உள்ளே போனேன்.

அப்போதுதான் வெளியே செல்வியின் கூச்சல் கேட்டது. "அக்கா! அக்கா, ஓடியா!" மெயினை ஒரே அடியில் இறக்கினேன். குளத்தோரத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, எழுந்து, ஓடினேன். குளத்தில் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை அண்ணன் கம்பியை விட்டுவிட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒன்றையும் பிடிக்காமல் நடந்து போயிருக்கிறார். எதிர்ச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் தண்ணீர். நான் முழங்காலில் ரத்தத்தோடு, மோட்டார் ரூமைத் திரும்பிப் பார்த்தேன்.

"மோட்டார் எங்கயும் போயிடாதும்மா. இங்கயே நில்லு, உனுக்கோசரம் இன்னொரு வாட்டி நடக்கறேன்."

ஒழுகுகிற பம்பைத் தானே சரிசெய்தால் மெக்கானிக்குக்குக் காத்திருக்கிற கவலை ஒழியும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், அதற்குப் பிறகு மழை பெய்தாலும் முதலில் மோட்டார் ரூமுக்குத்தான் ஓடத் தோன்றும்.