மாடிவரை கேட்ட சங்கு

சிதம்பரத்தில் நாங்கள் குடியிருப்பது கீழ்வீட்டில். மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். போன மாதம் வீட்டுக்காரரை நெஞ்சுவலி என்று கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மகன் அங்கே கூட இருந்தார். வீட்டுக்காரம்மா மட்டும் மாடியில் தனியாக இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஆசைப்பட்ட ஹோம் தியேட்டர் வந்து இறங்கியது. சினிமாப் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் கேட்கும்; சங்கும் சேகண்டியும் கரகரப்பில்லாமல் கேட்டால்தான் நல்ல செட் என்பது என் கணக்கு. திருவதிகைத் தேரன்று சிவனடியார்கள் வாசித்ததை போனில் பதிவுசெய்து வைத்திருந்தேன். அதைப் போட்டு வால்யூமைக் கூட்டினேன். வாசலில் நின்று ஊதுவது போலவே இருந்தது. பூரித்துப் போனேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். படியில் உருளாமல் வந்ததே பெரிது.

"தம்பி, அவுர எடுத்தாந்துட்டாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

சாவு வீட்டிலும் இதே சங்கும் சேகண்டியும்தான் ஒலிக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, இது ரெக்கார்டும்மா! ஐயா நல்லா இருக்காரு" என்றேன். அவர் நம்பவில்லை. மகனுக்கு போன் போட்டேன். "நான்தாண்டி பேசுறேன்" என்று வீட்டுக்காரரின் குரல் கேட்ட பிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதார்.

வீட்டுக்காரர் தேறி வந்துவிட்டார். இப்போது எதைப் போடுவதானாலும் முதலில் மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அந்தப் பதிவைப் போடுவதே இல்லை. ஆனாலும் படியில் அந்த அம்மாவின் காலடி கேட்டால், செட் அணைந்திருக்கும்போதுகூட என் கை ரிமோட்டைத் தேடுகிறது.