ஆளுக்கு மூன்று ஓட்டு

என் சித்தி மகள் என்னைவிட ஒரு வயது சின்னவள். முறையாகப் பாட்டு கற்றுக்கொண்டவள் நான். கல்லூரிப் பாட்டுக் குழுவுக்குத் தலைவியும் நான்தான். ஆனால் வெளிநாட்டுப் பாட்டுப் போட்டிக்கு மலேசியா எந்தப் பாட்டை அனுப்புவது என்று தேர்ந்தெடுத்தபோது, கடைசி மூன்று பேரில் ஒருத்தியாக நின்றது அவள். பிரிஞ்சாங் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கிறவள்! நானும் ஒரு பாட்டு அனுப்பியிருந்தேன். முதல் சுற்றிலேயே தூக்கிவிட்டார்கள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் பாட்டு பாதி மலாய், பாதி தமிழ். நன்றாகவே இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மோசமாக இருந்திருந்தால் நானே ஊரெல்லாம் பரப்பியிருப்பேன்.

ஞாயிறு மதியம் ஓட்டு. அவள் கோலாலம்பூர் மேடையில் இருந்தாள். போன் ஆப்பில் ஆளுக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் ஒரே பாட்டுக்குப் போடலாம், பிரித்தும் போடலாம். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு அந்த ஆப் புரியவில்லை. “படிச்ச புள்ள, நீயே அமுக்கு” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே கணக்கு எழுதும் கிராணி, ஆபீஸ் டிவியை வெளியே வைத்தார். மூன்று பாட்டும் முடிந்ததும் கங்காணி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். விட்டால் கூடையைக் கொடுத்து கொழுந்து பறிக்க அனுப்பிவிடுவார் போலிருந்தது.

முதலில் போனை நீட்டியது பக்கத்து வீட்டு அத்தை.

“நம்ம புள்ளைக்கு ஒன்னு போடு பாப்பா.”

“ஒன்னா?”

“மூனு இருக்குல்ல? அந்த சரவாக் புள்ளைக்கு ஒன்னு. பாவம்லா, பாடும்போதே அழுதுருச்சு. அந்த ஜொகூர் பையனுக்கு ஒன்னு. அவன் மட்டும் வெறுங்கையோட போவணுமா?”

கோயில் திருவிழாவில் யார் வந்து நின்றாலும் சுண்டல் பொட்டலம் கொடுக்காமல் அனுப்பாத ஜனம் எங்கள் ஜனம். ஓட்டையும் அப்படியே பங்கு வைத்தார்கள். ‘அத்தை, இது சுண்டல் இல்ல, மூனையும் போட்டாத்தான் ஜெயிப்பா’ என்பது தொண்டைவரை வந்தது. முழுங்கிவிட்டேன். அவர்கள் போன், அவர்கள் ஓட்டு, எனக்கென்ன?

அடுத்த அக்கா, “அத்தைக்குப் போட்ட மாதிரியே எனக்கும்” என்றார். அதோடு வரிசை முழுக்க அதே கதைதான். கங்காணிக்கு மட்டும் சந்தேகம்.

“ஏம் புள்ள, மூனையும் நம்மாளுக்கே போட முடியாதா?”

“போடலாம். ஆனா எல்லாரும் பிரிச்சுத்தான் போடுறாங்க.”

“அப்ப பிரிச்சே போடு. நான் மட்டும் கஞ்சன்னு பேர் வாங்கவா?”

என்னுடைய மூன்றை நான் போடவே இல்லை.

சரவாக் பெண் ஜெயித்தாள். எங்கள் ஆள் கொஞ்சூண்டு வித்தியாசத்தில் இரண்டாவது. வாய்க்குள் சிரித்தேன் என்று சொன்னால் அது உண்மை.

செவ்வாய்க்கிழமை ஊருக்கு வந்தவள், நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள்.

“எஸ்டேட்டே எனக்குப் போட்டுச்சுன்னு அம்மா சொன்னாங்க. அப்புறம் எப்படிக்கா?”

“ஆளுக்கு ஒன்னுதான் போட்டாங்க. மீதி ரெண்டும் மத்தவங்களுக்கு. நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இந்த அத்தையை!” என்று சண்டை பிடிக்க அடுத்த வீட்டுக்கு ஓடினாள். நடுவில் இருப்பது பலகைச் சுவர். எல்லாம் கேட்டது.

“அத்தை, அக்கா அவ்வளவு சொல்லியும் கேக்கலையாமே?”

“என்னத்தைச் சொன்னுச்சு? வாயே தொறக்கல. நாங்க சொன்னதை அமுக்குச்சு, அவ்வளவுதான்.”

சிரிப்பு நின்றது. அவள் செருப்பு எங்கள் வாசலில்தான் கிடந்தது. வெறுங்காலோடு வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு சித்திதான் வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனார்.

போன வாரம் புதுப் பாட்டு ஒன்றைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். எனக்கு அனுப்பவில்லை. அம்மா குளிக்கப் போன நேரம் அம்மா போனை எடுத்துக் கேட்டேன். பழையதைவிட நன்றாக இருக்கிறது, சனியன்.