அமாவாசைக்கு வருகிறவள்

சந்திரகலாவின் வலது உள்ளங்காலில் தோல் எப்போதும் உரிந்தே இருக்கும். குளிக்கும்போதெல்லாம் செங்கல் துண்டால் தேய்ப்பாள். ரத்தம் வந்தால்தான் விடுவாள். பித்தவெடிப்பு போல என்று புருஷன் சகாதேவன் நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்வதோடு அவன் கவலை முடிந்துவிடும்.

அந்தக் கால் ஒரு தலையை மிதித்திருந்தது. 1991 தை மாதம், கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கடலை பறிக்கப் பெண்களை ஏற்றிப்போன டிராக்டர், பின்னால் எடுக்கும்போது கைப்பிடிச் சுவரில்லாத வயல் கிணற்றில் டிரெய்லரோடு விழுந்தது. ஒன்பது பேர் விழுந்தார்கள், நாலு பேர் பிழைத்தார்கள். அப்போது சந்திரகலாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். தண்ணீருக்குள் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள் எதிர்வீட்டு தனத்தின் ஒரே மகள் கஸ்தூரி, பதினைந்து வயசு. மோட்டார் பைப் ஒரு முழம் மேலே இருந்தது, எட்டவில்லை. சந்திரகலா அந்தப் பெண்ணின் தலையில் காலை ஊன்றி எம்பினாள். பைப் கைக்குக் கிடைத்தது. முந்தானையை இழுத்துக்கொண்டிருந்த கை விட்டுப்போனது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாய் மூடினால் உடம்பு மூடிக்கொள்கிறதா? வாளி தண்ணீரில் முங்கும் சத்தம் கேட்டால் அலறினாள். உட்கார்ந்தபடியே நாள் முழுக்க எதையோ பிடிப்பதுபோல் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் களைக்கொத்தும் கையுமாக வரப்பிலேயே தூங்கி விழுந்தாள். கழனி வேலை கெடுகிறதே என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, பூசாரி சின்னசாமியிடம் கூட்டிப்போனார்கள்.

சின்னசாமி உடுக்கை அடித்தார், மிளகாய்ப் புகை போட்டார், புளியம் விளாரால் முதுகில் விளாசினார். சந்திரகலா தலைவிரித்து ஆடி, சின்னப்பெண் குரலில் "யம்மா" என்றாள். கூட்டத்தில் நின்றிருந்த தனம் பாய்ந்து வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

மற்ற பேய்களை உச்சிமயிரோடு புளியமரத்தில் ஆணியடித்து ஓட்டிவிடுவது வழக்கம். இதை ஓட்டவில்லை. தனம் பூசாரியின் காலைப் பிடித்துக்கொண்டு, "அனுப்பிடாதப்பா. மாசம் ஒருவாட்டி வந்து எங்கூட பேசிட்டுப் போவட்டும்" என்றாள். ஓடிப்போன பேய் பூசைக்குக் கோழி கொண்டுவராது, வருகிற பேய் கொண்டுவரும் என்பது சின்னசாமிக்குத் தெரியாதா? பெத்த வயிறு பாவம் என்று சகாதேவனும் தலையாட்டினான். அடி வாங்குகிற முதுகு தன்னுடையதில்லை என்றால் இரக்கம் தாராளமாகத்தான் வரும்.

அப்புறம் அமாவாசை தவறாமல் உடுக்கையும் விளாரும். தெளிந்து எழும்போது சந்திரகலாவுக்கு ஒன்றும் நினைவிருக்காது. நான் இன்னா பேசினேன் என்று கேட்டால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். பேய் பேசியதை அந்த ஆளிடமே சொன்னால், சொன்னவரைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. மறுநாள் தனம் வந்து தடிப்புகளில் மஞ்சளெண்ணெய் தடவிவிடுவாள், கண்ணு என்பாள், கருவாட்டுக் குழம்பு வைத்துப் பிசைந்து கொடுப்பாள். அந்தச் சோற்றை விழுங்குவதற்கு விளார் அடியே மேல் என்று இருக்கும் சந்திரகலாவுக்கு.

2004-இல் மனைப்பட்டாவுக்கு மனு கொடுக்க வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போனவள், தண்ணீர் டிரம்மில் யாரோ சொம்பை முக்கிய சத்தத்தில் மயங்கி விழுந்தாள். தூக்கி உட்காரவைத்தது எழிலரசி. பக்கத்துத் தெருவில் ஒரு டிரஸ்டில் மனநல ஆலோசகராக இருந்த சின்ன வயசுப் பெண். அதற்குப் பிறகு மனு சாக்கில் திங்கட்கிழமைதோறும் சந்திரகலா அங்கே போனாள். எழிலரசி முதலில் எதையும் கேட்கவில்லை. காலைத் தரையில் பதித்து மூச்சை மெதுவாக விடச் சொன்னாள். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தள்ளி வைத்து, வாரத்துக்கு ஓரடி கிட்டே நகர்த்தினாள். எட்டாவது திங்கள் சந்திரகலாவே கிணற்றைப் பற்றிச் சொன்னாள், முந்தானையிலிருந்து பைப் வரைக்கும்.

"உயிர் போறப்ப கால் எதையாச்சும் மிதிக்கும்க்கா. உங்க மனசக் கேட்டுக்கிட்டு மிதிக்கல" என்றாள் எழிலரசி. "இப்ப நீங்களே வாயால சொல்லிட்டீங்க. இனிமே உங்களுக்குத் தெரியாம அது வெளிய வராது." தைரியம் வரும்போது அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியும் அனுப்பினாள். நல்ல பெண்தான். ஆனால் அவள் படித்த படிப்பில் நோயாளி என்றால் ஓர் ஆள். இந்த ஊரில் நோய்க்குக் கூட்டுப் பட்டா.

அடுத்த அமாவாசைக்குப் பேய் வரவில்லை. இரண்டு விளார் ஒடிந்தது. சந்திரகலா கண்ணைத் திறந்துகொண்டு, "வலிக்குதுண்ணா, போதும்" என்றாள். தனம் எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் சந்திரகலா எதிர்வீட்டுக்குப் போனாள். தனம் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் நின்றபடியே சொல்லி முடித்தாள், அழாமல், ஒன்றையும் விடாமல். இவள் வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: தனம் திட்டட்டும், துப்பட்டும், பிறகு ஒருநாள் மன்னிக்கட்டும். தனத்தின் கை நிற்கக்கூட இல்லை.

"மொத அமாவாசையிலயே சொல்லிட்டாளே. 'யம்மா, சந்திராக்கா என் தலமேல ஏறிடுச்சு'ன்னு."

அன்றைக்குச் சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். ரேஷன் வரிசையில் பேசியவர்கள், வளைகாப்பில் அவள் கன்னத்தில் சந்தனம் பூசியவர்கள், சகாதேவன், எல்லாருக்கும் பதிமூன்று வருஷமாகத் தெரியும். அவள் ஒருத்திதான் அதை ரகசியம் என்று நினைத்துக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஊரு ஒன்னத் தொரத்தணும்னுதான் சொல்லிச்சு. நாந்தான் வேணாம்னேன். நீ போயிட்டா அவ எங்க வந்து பேசுவா?" தனத்தின் குரல் இறங்கிக் கெஞ்சலானது. "ஒரேயொரு வாட்டி வரச் சொல்லு. அப்பறம் நீ நல்லா இரு."

சந்திரகலா உட்கார்ந்தாள். முடியை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடித் தலையைச் சுற்றினாள். ஒன்றும் வரவில்லை. உள்ளே இப்போது அவள் மட்டும்தான் இருந்தாள். வேறு வழி தெரியாமல், வராத குரலை வரவழைத்துக்கொண்டு, "யம்மா" என்றாள்.

தனம் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். இவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தாள்.

"இது நீ" என்றாள். "கெணத்துல அவ சாவலடி. இப்பத்தான் கொன்ன."

அன்று சாயங்காலம் சந்திரகலா குழாயடியில் குடத்தை வைத்தபோது மற்றவர்கள் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். யாரோ கொலைகாரி என்றார்கள். பதிமூன்று வருஷமாகத் தெரிந்திருந்ததை ஊர் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது.