இரண்டாவது ஃபேன் வேண்டாம்

"இன்னொரு ஃபேன் வேண்டாங்க சார்" என்று ஒரு வயர்மேன் தன் வாயால் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டேன். மூன்று வாரம் முன்பு, நல்லூரில், என் வீட்டுக் கூடத்திலேயே.

விஷயம் இதுதான். என் மனைவி சரோஜா தலைப்பிரசவத்துக்காகக் கணியூரில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, தாயையும் பிள்ளையையும் ஒற்றைப்படை மாதத்தில்தான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள். மூன்றாம் மாதம் என்றால் வைகாசி. அதை விட்டால் ஐந்தாம் மாதம் ஆடி... ஆடியில் யார் அனுப்புவார்கள்? அப்புறம் புரட்டாசிதான். என் மகளை நான் அதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன்.

சித்திரைக் கடைசியில் மாமனார் எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். எங்களுடையது பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு. நெடுநெடுவென்று சுவர், தேக்கு உத்தரம், பார்க்க ஜோராக இருக்கும். மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால்தான் சங்கதி தெரியும். இந்த வருஷம்தான் ஆசை ஆசையாக ஒரு சீலிங் ஃபேன் வாங்கி மாட்டியிருந்தேன். பெருமையாக சுவிட்சைப் போட்டேன். மாமனார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கடைசியில் துண்டைப் பிழியாத குறை.

"ஏனுங்க மாப்பிள்ளை, தப்பா நெனைக்காதீங்க. பச்சக் கொளந்தைய இந்த வெக்கைல எப்படிங்க வெக்கறது? பொரட்டாசில பாத்துக்கலாமுங்க."

மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. கொங்கு நாட்டு மாமனார்கள் தலையில் குட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் குட்டுவார்கள். ஆனால் எனக்குக் கோபம். மனுஷர் என் வீட்டை அடுப்பு என்கிறாரே!

அவர் பஸ் ஏறியதும் முதல் வேலையாக, நாலு தெரு தள்ளி ஒரு பனியன் கம்பெனியில் வயர்மேனாக இருக்கும் ஆறுமுகத்தைத் தேடிப் போனேன். இன்னொரு ஃபேன் மாட்ட வேண்டும், உடனே வேண்டும் என்றேன். மறுநாள் அவருக்கு லீவு. ஏணியோடு வந்தார்.

கொக்கி போட இடம் பார்க்க மேலே ஏறியவர் அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டார். முகமெல்லாம் வேர்வை.

"நீங்க சித்த மேல ஏறுங்க சார்."

"நானா? எதுக்கு?"

"ஏறுங்க. நான் புடிச்சுக்கறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். உச்சிப் படியில் தலை உத்தரத்தை எட்டியதும் அனல் முகத்தில் அடித்தது. இட்லிக் குண்டாவைத் திறந்தமாதிரி. கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அந்த வெக்கையத்தானுங்க உங்க ஃபேன் கீழ தள்ளுது. ரெண்டு ஃபேன் போட்டா ரெண்டு பங்கு வெக்கை வருமுங்க. இன்னொரு ஃபேன் வேண்டாங்க சார்" என்றார். பிறகு சுவரின் உச்சியைக் காட்டிக் கேட்டார்: "ஆமா, அந்த வெண்டிலேட்டர் நாலையும் யாருங்க அடைச்சது?"

அடைத்தது நான்தானே!

இரண்டு வருஷம் முன்பு பக்கத்து வீட்டில் பனியன் மெஷின் போட்டார்கள். அன்றிலிருந்து பஞ்சு பறந்தது. புத்தகத்தில் பஞ்சு, பேனா முனையில் பஞ்சு, ரசத்தில் பஞ்சு. எங்கள் ஊரில் எந்த ஓட்டைக்கும் ஒரே மருந்து, பனியன் வேஸ்ட் என்கிற வெட்டுத்துணிதான். ஜன்னல் ஆடினால் வேஸ்ட், குழாய் ஒழுகினால் வேஸ்ட், கதவிடுக்கில் பல்லி வந்தால் வேஸ்ட். அந்த வீட்டுக்காரரிடமே ஒரு மூட்டை வாங்கி வந்து நாலு வெண்டிலேட்டரையும் இறுக அடைத்தேன். மேலே சுண்ணாம்பும் அடித்தாயிற்று. அதோடு மறந்தும் போயிற்று.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் நடத்துவது விஞ்ஞானம். 'சூடான காற்று மேலே செல்லும்' என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போட்டு, பையன்களைப் பத்து தடவை எழுதவைக்கிற ஆள். மேலே போன காற்று அப்புறம் எங்கே போகும் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

ஆறுமுகம் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தி வேஸ்ட்டை இழுத்துப் போட்டார். கறுப்புக் கறுப்பாகக் கூடம் முழுக்கக் குவிந்தது. பிறகு முருகன் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். புகை அப்படியே வளைந்து வெண்டிலேட்டர் வழியாக வெளியே போனது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பஞ்சுக்கு என்ன பண்றது ஆறுமுகம்?"

"அதுக்கும் பனியந்தானுங்க" என்றார்.

அடுத்த நாள் சாயந்திரம் நாலு மரச் சட்டங்களோடு வந்தார். ஒவ்வொன்றிலும் வலை பனியன் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடித்திருந்தார். காற்று போகும், பஞ்சு மாட்டிக்கொள்ளும். "வாரத்துக்கு ஒருக்கா கழட்டி அலசிப் போடுங்க சார்." ஃபேனுக்கு நீள ராடு போட்டுக் கீழே இறக்கினார். மொட்டை மாடிக்குக் கெட்டியாகச் சுண்ணாம்பு பூசச் சொன்னார். அதை நானே பூசினேன். இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது.

மாமனாருக்குக் கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை காலையில் அவரே வந்து நின்றார். பின்னால் சரோஜா, தோளில் குழந்தை.

"கொளந்தைக்கு வேர்த்துச்சுன்னா சாயந்தரம் பஸ்ஸுக்கே திரும்பிருவோமுங்க மாப்பிள்ளை" என்றார். துணிப் பையை அவிழ்க்கக்கூட விடவில்லை. அது வாசற்கதவு ஓரமாகவே இருந்தது.

உத்தரத்தில் தூளி கட்டினோம். குழந்தை தூங்கியது. பன்னிரண்டு மணி... ஒரு மணி... அக்னி நட்சத்திர வெயில் வெளியே கொளுத்துகிறது. மாமனார் தூளிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பையனாட்டம் சுவரோரம் நின்றேன். சரோஜா என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு எழுந்தார். தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையின் பிடரியில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்ததாக எனக்குப் பட்டது. கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து மகளிடம் காட்டினார்.

"ஈரமில்ல கண்ணு. பைய அவுத்துரு."

ஆறுமுகம் நன்றாக இருக்க வேண்டும். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். கேட்டதை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் யார் அவரைக் கேட்டிருப்பார்கள்? என் மகள் புரட்டாசி வரைக்கும் கணியூரில்தான் இருந்திருப்பாள்.

இந்த வாரம் இந்தப் பத்தியில் நான் மாமனாரைத் திட்டிக்கொண்டிருப்பேன்.