அரிசி டப்பாவில் ஒட்டிய ஃபிஜிச் சீட்டு

சோற்றுப் பருக்கை காகிதத்தில் காயும் வாசனை எங்கிருந்தாவது வந்தால் போதும், செகந்திராபாத் வீட்டுச் சமையலறையில் போய் நிற்கிறேன். எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நர்ஸ், முப்பத்தாறு வயதாகியும் கல்யாணமாகாதவள், சோற்றைத் தொட்டுத் தொட்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஃபிஜித் தீவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி அவளை வேலைக்குக் கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து டாக்டரம்மா போனில் பேசுவார். அந்த ஊர்ப் பாஷையில் நோயாளியை விசாரிக்கத் தெரிந்தால் டிக்கெட் வரும். அந்தப் பாஷையில் 'என்' என்று ஒன்றையே எல்லாவற்றுக்கும் சொல்லிவிட முடியாதாம். தின்பதற்குக் கெங்கு. குடிப்பதற்கு மெங்கு, மருந்தும் அதில் சேர்த்தி. மற்ற சாமான்களுக்கு நோங்கு. அரிசி டப்பா, தண்ணீர்க் குடம், பீரோ, குடை, கண்ட இடமெல்லாம் சீட்டு.

"ஏட்டி, என் சட்டையையாவது விட்டு வை" என்றார் அப்பா.

"சட்டை நோங்கு. அண்ணனுக்குத்தான் சீட்டு கிடையாது. உடம்புக்கும் உறவுக்கும் 'என்' அந்தச் சொல்லோடயே ஒட்டிக்கிடும்."

அவள் பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். "நக்கோ அத்தே, போகாதே" என்று தெருப் பிள்ளைகளின் உருதுவைக் கலந்து கெஞ்சிப் பார்த்தேன். சிரித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் அம்மா கண்ணசந்த நேரத்தில் சீட்டுகளைப் பிய்த்து இடம் மாற்றினேன். அரிசிக்கு மெங்கு. குடத்துக்கு நோங்கு. குடைக்குக் கெங்கு. தப்பாகப் படிப்பாள், தோற்பாள், இருந்துவிடுவாள்.

படித்தாள். எனக்குக் கேட்கும்படி உரக்க, குடையைத் தின்று, அரிசியைக் குடித்து, மூன்று நாள். அம்மா மட்டும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஞாயிறன்று பக்கத்து வீட்டுப் போனில் மருந்து வந்த இடத்தில் மெங்கு என்றாள், கொஞ்சமும் தடுமாறாமல். டாக்டரம்மா சிரித்தது எனக்கே கேட்டது. சீட்டை மாற்றியது யாரென்று அத்தை கேட்கவில்லை; என் தலையைக் கலைத்துவிட்டுப் போனாள்.

அவளை யாரோ துரத்துகிறார்கள் என்றே நம்பினேன். அவளுக்கே போக ஆசை இருக்கும், என்னை விட்டுப் போவது வலிக்கவும் வலிக்கும், இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடக்கும் என்பது ஒன்பது வயதுக்கு எங்கே தெரியும்?

ஃபிஜி டிக்கெட் வந்து, அவள் ஏறிய பம்பாய் ரயில் கிளம்பும் நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவே?" என்றேன்.

"கேக்காதட்டி. வாரேன்னு சொல்லிட்டேன்னா இப்பமே இறங்கிருவேன்."