நான்கு கிராம் குறைந்த வெள்ளி

சால்ஸ்பர்க் பக்கத்து ரவுரிஸ் மலைப் பள்ளத்தாக்கின் மருத்துவச்சி கிரெசென்சியா ரோர்மோசர் முப்பத்தெட்டு வருடம் பனியிலும் சேற்றிலும் நடந்து பிரசவம் பார்த்தவர். வலி எடுத்தவளின் உள்ளங்கையில் முதலில் ஒரு வெள்ளிக் காசை வைப்பார். ஒரு பக்கம் குழந்தையோடு மாதா, மறுபக்கம் சால்ஸ்பர்க்கை ஆண்ட பேராயரின் சின்னம்.

"பேராயர் அடிச்ச அசல் மாதா காசு. இறுக்கிப் பிடிச்சுக்கோடி" என்பார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் ஒரு நாணய வியாபாரி அதை நிறுத்துப் பார்த்துவிட்டு, போலி என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து கிரெசென்சியாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டாக்டரே, விலையெல்லாம் வேண்டாம். அந்தப் பொண்ணுங்ககிட்ட நான் பொய் சொன்னேனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

கழுத்தில் மாட்ட இப்படி வளையம் பற்றவைத்த காசைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அரிய நாணயத்தை இப்படியா பாழாக்குவார்கள் என்று முனகிக்கொண்டேதான் தராசில் வைத்தேன். இருபத்தெட்டு கிராம் இருக்க வேண்டியது, வளையத்தைக் கழித்தால் இருபத்து நான்குதான் இருந்தது.

பிறகு லென்சை எடுத்தேன். வார்த்த போலியில் தெரியும் குமிழ்ப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அச்சின் அழுத்தத்தில் வெள்ளி பிதுங்கி ஓடிய வரிகள் அப்படியே இருந்தன. ஆனால் விளிம்பைச் சுற்றிலும் கத்திக் கீறல்கள். பழையவை கைபட்டு மழுங்கியிருந்தன, அவற்றின் மேலேயே புதியவை.

"இதை யாரும்மா சுரண்டினது?"

"எல்லாரும்தான். பிள்ளை இறங்கலேன்னா துளி சுரண்டித் தண்ணியில கலந்து கொடுப்போம். எங்க அம்மா செஞ்சா, அவங்க அம்மாவும் செஞ்சா. இவ்வளவு படிச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. எங்கள் கண்ணாடிப் பெட்டியில் இதே காசு மூன்று இருக்கின்றன, மூன்றும் நேற்று அடித்தவை போல மின்னும். அவற்றைப் பார்த்து ஒருநாளும் எனக்கு மெய்சிலிர்த்ததில்லை. இப்போது சிலிர்த்தது. இருநூற்றைம்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கின் தாய்மார்கள் நான்கு கிராம் வெள்ளியைக் குடித்திருக்கிறார்கள்.

"அசல்தாம்மா. குறையற எடை உங்க ஊர்ப் பொம்பளைங்க வயித்துக்குள்ள போயிருக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காசை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேர் என் கையிலேயே போயிட்டாங்க, டாக்டரே. இதைப் பிடிச்சுக்கிட்டேதான் போனாங்க. அவங்களையாவது நான் ஏமாத்தலையே."